200 மீட்டரில் 4 செ.மீ. புள்ளி: மூன்று கடை லென்ஸில் ஒரு கற்றை விரிப்பான்

உப்பளத்தில் நீண்ட வரப்புக்குக் கோடு பிடிக்கச் சாதாரண லேசர் 40, 50 மீட்டர் வரைதான் உதவும். அதற்கு அப்பால் புள்ளி பெருத்துவிடும். எங்கள் கையில் இருந்த 5 மில்லிவாட் பச்சை லேசர் மாட்யூல் 200 மீட்டரில் 22 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் கொண்ட மங்கல் பட்டையாக விழுந்தது. அதன் நடு எங்கே என்று இரண்டு பேர் பார்த்தால் இரண்டு இடம் சொல்வார்கள். அதே மாட்யூலுக்கு முன்னால் மூன்று லென்ஸால் ஒரு கற்றை விரிப்பான் (கற்றையை அகலமாக்கி, தூரத்தில் அது விரிவதைக் குறைக்கும் கருவி) வைத்த பிறகு, வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் அதே தூரத்தில் காலை வேளையில் 4 × 3 செ.மீ. வருகிறது. பெருக்கத்தை, அதாவது கற்றை எத்தனை மடங்கு அகலமாகிறது என்பதை, 2 மடங்கிலிருந்து 5.6 மடங்கு வரை மாற்றலாம். லென்ஸ் எல்லாம் கடையில் கிடைப்பவைதான், ஒன்றும் தனியாகக் கடைசல் பிடித்ததில்லை. ஆனால் இந்த வேலையில் நேரத்தைத் தின்றது லென்ஸ் தேர்வு அல்ல, லென்ஸைத் தாங்கிச் சறுக்கும் தட்டுகளின் ஆட்டமும் வெயிலும்தான். அதனால் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போகிறோம்.

லேசர் பக்கமிருந்து வரிசை இது. முதல் லென்ஸ் +100 மி.மீ. குவிய தூரம், ஒரு பக்கம் தட்டையான குவிலென்ஸ், விட்டம் 25 மி.மீ. இரண்டாவது −25 மி.மீ., ஒரு பக்கம் தட்டையான குழிலென்ஸ், விட்டம் 25 மி.மீ. மூன்றாவது +200 மி.மீ. குவிலென்ஸ், விட்டம் 50 மி.மீ. மூன்றாவது நிலையாக நிற்கும், முதல் இரண்டும் நகரும். முதலுக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளியை 75-இலிருந்து கழித்து 0.08-ஆல் பெருக்கினால் பெருக்கம் வந்துவிடும். மூன்றாவது லென்ஸிலிருந்து அளந்தால் நிற்க வேண்டிய இடங்கள்:

பெருக்கம் 5.6: இரண்டாவது லென்ஸ் 166.1 மி.மீ., முதல் லென்ஸ் 171.1 மி.மீ.
பெருக்கம் 5: 165.0, 177.5
பெருக்கம் 4: 162.5, 187.5
பெருக்கம் 3: 158.3, 195.8
பெருக்கம் 2: 150.0, 200.0

பெருக்கத்தை மாற்றத் தேவையே இல்லை என்பவர்கள் முதல் லென்ஸை விட்டுவிடலாம். −25, +200 இரண்டையும் 175 மி.மீ. இடைவெளியில் வைத்தால் 8 மடங்கு நிலையான விரிப்பான் தயார். நகரும் பாகம் இல்லாததால் அது இதைவிட நம்பகமானது. 50 மீட்டருக்குள் சின்னப் புள்ளியும் வேண்டும், 200 மீட்டரில் விரியாத கற்றையும் வேண்டும் என்றால் மட்டுமே மூன்று லென்ஸ்.

லென்ஸ் பெட்டியில் எழுதியிருக்கும் குவிய தூரத்தை நம்பிக் குழாய் வெட்டக் கூடாது. பள்ளி ஆய்வகங்களுக்கு அம்பாலாவிலிருந்து வரும் 50 மி.மீ. லென்ஸ்கள் விலை மலிவு, கண்ணாடியும் மோசமில்லை. ஆனால் 200 என்று எழுதியது எங்களுக்கு 204 ஆக இருந்தது. குவிலென்ஸை அளக்கச் சூரியனே போதும்: சுவரில் மிகச் சிறிய வட்டமாக விழும் தூரத்தை ஸ்டீல் ஸ்கேலில் பார்க்க வேண்டும். குழிலென்ஸுக்குக் கறுப்புத் தாளில் 8 மி.மீ. ஓட்டை போட்டு லென்ஸின் மேல் ஒட்டி, வெயிலுக்குக் காட்டி, பின்னால் விழும் ஒளிவட்டம் 16 மி.மீ. ஆகும் வரை அட்டையை நகர்த்தவும். அந்தத் தூரம்தான் அதன் குவிய தூரம். மூன்றாவது லென்ஸ் 4 மி.மீ. கூடினால் மேலே உள்ள எல்லா இடங்களும் 4 மி.மீ. கூடும், பெருக்கம் 2 சதவீதம் ஏறும், வேறு பாதிப்பு இல்லை. ஆகவே லென்ஸ்களைத் தாங்கும் ராடு வெட்டும்போது 10 மி.மீ. கூடுதலாக விட்டாலே போதும்.

எந்தப் பக்கம் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் அலட்சியம் கூடாது. மூன்றாவது லென்ஸின் வளைந்த முகம் வெளியே, வரப்பைப் பார்க்க வேண்டும். முதல் லென்ஸின் வளைவு லேசரைப் பார்க்க வேண்டும். குழிலென்ஸின் குழிவும் லேசர் பக்கமே, தட்டை முகம் மூன்றாவது லென்ஸ் பக்கம். மூன்றாவது லென்ஸைத் திருப்பிப் போட்டால் அதன் கோளப் பிறழ்ச்சி (நடுவிலும் விளிம்பிலும் போகும் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறை) சுமார் நான்கு மடங்காகும். புள்ளியைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் வந்து, எவ்வளவு திருகினாலும் போகாது. லென்ஸ் கெட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் திருப்பிப் பார்க்கவும்.

சட்டத்துக்கு முதலில் போட்டது 63 மி.மீ. பிவிசி குழாய். லென்ஸ் அழகாகப் பொருந்தியது, செலவும் இல்லை. ஆனால் இந்தக் கரை வெயிலில் அது நிற்காது. பிவிசி ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 0.06 மி.மீ. நீளும். விடியலுக்கும் உச்சிக்கும் குழாயின் சூடு 20 டிகிரி கூடினால் இரண்டாவது, மூன்றாவது லென்ஸ்களின் இடைவெளி 0.2 மி.மீ. வளரும். அந்த 0.2 மட்டுமே 200 மீட்டரில் புள்ளியை 1.7 செ.மீ. பெருக்கப் போதும். அதையாவது திருகிச் சரிசெய்யலாம். வெயில் படும் பக்கம் நிழல் பக்கத்தைவிட 10 டிகிரி சூடானால் குழாயே 0.13 மி.மீ. வளைகிறது. மூன்றாவது லென்ஸ் 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் 200 மீட்டரில் புள்ளி 10 செ.மீ. நகரும். ஆக, வளைவு ஒன்றே 13 செ.மீ.யைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். காலையில் குறித்த கோடு பத்தரை மணிக்கு வேறு இடத்தில் நின்றது இதனால்தான்.

இப்போது லென்ஸ் தூரத்தைப் பிடிப்பது இரண்டு 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ராடுகள், 260 மி.மீ. நீளம், 316 ரகம். 304 ரகம் மலிவு, ஆனால் பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக் காற்றில் அதன் மேல் டீக்கறை போலத் துரு படரும், தட்டு அதில் தடுக்கித் தடுக்கி நகரும். இயந்திரங்களுக்கு விற்கும் குரோம் பூசிய ராடு இங்கே வேண்டவே வேண்டாம், பூச்சு கீறிய இடத்தில் உள்ளிருந்து பொரியும். 316 ராடு 20 டிகிரிக்கு 166 மி.மீ.யில் 0.05 மி.மீ. மட்டுமே நீள்கிறது. வெளிப்பெட்டி ஜன்னல் வேலைக்கு விற்கும் சதுர அலுமினியம் பைப், வெள்ளை பெயின்ட். அது வெறும் போர்வை: முன் தட்டில் மட்டும் இறுக்கி, பின் பக்கத்தைச் சும்மா விட வேண்டும். இரண்டு முனையிலும் இறுக்கினால் பெட்டி நீளும்போது ராடுகளையும் இழுத்து வளைக்கும்.

தட்டுகள் 10 மி.மீ. அலுமினியம், லேத் பட்டறையில் போட்டது. நகரும் இரண்டு தட்டுகளில் ஒரு பக்கம் 30 மி.மீ. நீளப் பித்தளை புஷ் (ராடு நுழைந்து சறுக்கும் சிறு குழாய்), மறு பக்கம் நீள்துளை. இரண்டு பக்கமும் இறுக்கமான துளை போடச் சொன்னால் பட்டறைக்காரர் போட்டுத் தருவார், ஆனால் ராடுகள் இணையாக இல்லாத நூலளவுக்குத் தட்டு சிக்கிக்கொள்ளும். ஒரு ராடு வழி காட்ட வேண்டும், மற்றது சுழலாமல் மட்டும் தடுக்க வேண்டும். 5.6 மடங்கில் இரண்டு லென்ஸும் 5 மி.மீ. நெருக்கத்துக்கு வரும். ஆகவே முதல் தட்டின் நீள புஷ் இடது ராடில், பின்னோக்கி. இரண்டாவது தட்டின் புஷ் வலது ராடில், முன்னோக்கி. இரண்டும் ஒரே ராடில் இருந்தால் புஷ்கள் முட்டிக்கொண்டு 3 மடங்குக்கு மேல் ஏறவே முடியாது. நெருங்கும் பக்கத்தில் லென்ஸ் வளையம் தட்டுக்கு வெளியே துருத்தாமல் இருப்பதையும் பட்டறையிலேயே வெர்னியரில் பார்த்துவிட வேண்டும்.

இனி ஆட்டம். குழிலென்ஸ் பக்கவாட்டில் 0.05 மி.மீ. ஆடினால், 5.6 மடங்கில் 200 மீட்டரில் புள்ளி 7 செ.மீ. நகரும். 2 மடங்கில் அதே ஆட்டத்துக்கு 10 செ.மீ. நல்ல புஷ்ஷிலும் 0.02, 0.03 மி.மீ. இருக்கத்தான் செய்யும். அதை ஒழிக்க முயல்வதைவிட ஒரே பக்கம் தள்ளி வைப்பது சுலபம். புஷ்ஷின் பக்கத்தில் எம்4 துளை போட்டு, உள்ளே நைலான் துண்டு, பின்னால் சின்ன ஸ்பிரிங், அதற்குப் பின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ). ராடை எப்போதும் ஒரே சுவரில் அது அழுத்திப் பிடிக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு எப்போதும் லேசர் பக்கமிருந்தே தட்டைத் தள்ளி வரவும். தாண்டிவிட்டால் 5 மி.மீ. பின்னால் இழுத்து மறுபடி வரவும். இவ்வளவு செய்தும் பெருக்கம் மாற்றியபின் புள்ளி 2, 3 செ.மீ. நகரவே செய்யும். பெருக்கத்தை வைத்து, பூட்டி, அதன் பிறகே குறி பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கருவிக்கு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

குவியத்தைத் திருத்த மூன்றாவது லென்ஸின் கூடு முன் தட்டில் திருகுமரையில் நிற்கிறது: 56 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. மரை. இணைக்கற்றை நிலையிலிருந்து (கற்றை குவியாமலும் விரியாமலும் போகும் நிலை) 200 மீட்டரில் குவிக்க 0.2 மி.மீ. நகர்த்த வேண்டும், ஏறக்குறைய கால் சுற்று. 100 மீட்டருக்கு 0.4, 50 மீட்டருக்கு 0.8, 20 மீட்டருக்கு 2 மி.மீ. கேமராவுக்கு விற்கும் ஹெலிகாய்டு வளையம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் முக்கால் சுற்றிலேயே பத்துப் பன்னிரண்டு மி.மீ. ஓடிவிடும். 0.2 மி.மீ.யை அதில் கையால் பிடிப்பது கடினம். மரையின் அடியில் ஒரு ரப்பர் ஓ-ரிங் அழுந்தியபடி இருந்தால் மரை ஆட்டம் தெரியாது.

நேராக்கும் வரிசை முக்கியம். முதலில் லென்ஸ் எதுவும் இல்லாமல், 1 மி.மீ. ஓட்டை போட்ட ஒரு தட்டை ராடில் முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டு முனையிலும் கற்றை ஓட்டையில் விழும்படி மாட்யூலைத் திருத்தவும். மாட்யூலின் உடலும் அதன் கற்றையும் ஒரே கோட்டில் இருக்காது. அதனால் அதைப் பிடிக்க மூன்று மூன்று கிரப் ஸ்க்ரூவாக இரண்டு வளையம் வேண்டும். 50 மீட்டரில் புள்ளியின் நடுவைக் குறிக்கவும். அடுத்து மூன்றாவது, இரண்டாவது லென்ஸ்களை 175 மி.மீ. இடைவெளியில் போட்டு, புள்ளி அதே குறிக்குத் திரும்பும் வரை குழிலென்ஸின் கூட்டை அதன் எம்3 ஸ்க்ரூக்களால் நகர்த்தவும். கடைசியாக முதல் லென்ஸ், அதை 2 மடங்கு நிலையில் வைத்துத் திருத்த வேண்டும். முதல் லென்ஸின் விலகல் அதிகம் தெரிவது அங்கேதான். ஸ்க்ரூ முனை கண்ணாடியை நேராகத் தொடக் கூடாது. நடுவில் அலுமினிய வளையம் இல்லாவிட்டால் விளிம்பு சில்லு பெயரும், அல்லது வெயிலில் விரிசல் விடும். முடிந்ததும் மூன்று பொட்டு எபாக்ஸி பசை.

அளவுகோலைக் கணக்கை வைத்துப் பொறிக்க வேண்டாம். மேலே கொடுத்த எண்கள் தடிமன் இல்லாத லென்ஸுக்கு. உண்மையான கண்ணாடி 1 முதல் 3 மி.மீ. தள்ளித்தான் சரியாக நிற்கும். ஒவ்வொரு பெருக்கத்திலும் 5 மீட்டரிலும் 30 மீட்டரிலும் புள்ளி ஒரே அளவாக வரும் இடத்தைப் பிடித்து, ராடில் அங்கே கீறல் போடவும். புள்ளியை அளக்க, கிராஃப் தாளை ஒட்டிய பலகையைப் போனில் படம் எடுக்கலாம், வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துப் பூட்டிக்கொண்டு. தானாக விட்டால் படத்தில் புள்ளி இரண்டு மடங்காகத் தெரியும். இந்தப் பச்சை மாட்யூலின் கற்றை வாயில் 3 × 1.5 மி.மீ. நீள்வட்டம். தூரத்தில் நீளமும் அகலமும் இடம் மாறிவிடும், அது பழுது அல்ல.

650 நானோமீட்டர் சிவப்பு மாட்யூல் பாதி விலைதான். ஆனால் ஒரே திறனில் 520 நானோமீட்டர் பச்சை கண்ணுக்கு ஆறேழு மடங்கு பிரகாசமாகத் தெரியும், காலை வெளிச்சத்தில் அதுவே தீர்மானிக்கும். மின்சாரத்துக்குப் பவர் பேங்க் சரிப்படாது. இவ்வளவு குறைந்த கரன்ட்டை அது கவனிக்காமல் தானே அணைந்துவிடுகிறது. நான்கு ரீசார்ஜ் பென் பேட்டரி, 4.8 வோல்ட், நன்றாக ஓடுகிறது.

பூச்சில்லாத கண்ணாடியில் ஒவ்வொரு முகமும் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். மூன்று லென்ஸுக்கு 22 சதவீதம் போகிறது. அதற்கு முன்னால் ஒரு 58 மி.மீ. கேமரா யுவி ஃபில்டரும் போட்டால் இழப்பு இன்னும் கொஞ்சம் ஏறும், ஆனாலும் போடத்தான் வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் பறக்கும் மணலும் உப்பும் முதலில் அதில் படட்டும். அதை மாற்றுவது 350 ரூபாய், லென்ஸை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி நேராக்க வேண்டும். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கண்ணாடி மேல் படிந்த உப்பு தானே நீராகக் கசியும், உச்சி வெயிலில் மறுபடி பொடியாக உறையும். புள்ளியைச் சுற்றிப் பால் போல ஒளி பரவினால் அதுதான் காரணம். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கழுவி, பிறகு லென்ஸ் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அலுமினியத்தில் இறங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் படகு இன்ஜினுக்குப் போடும் கிரீஸ் தடவி, நைலான் வாஷர் போடவும். தடவாத ஸ்க்ரூ ஒரு மழைக்காலத்துக்குப் பின் தலை உடைந்துதான் வரும். பெட்டிக்குள் ஒரு சிலிகா ஜெல் பை.

நிறுத்துவதற்கு முக்காலி போதாது. 0.1 மில்லிரேடியன் அசைவு 200 மீட்டரில் 2 செ.மீ. இங்கே காற்று ஓய்வதும் குறைவு. வரப்பின் தலைப்பில் ஒரு பனங்கட்டையை முக்கால் மீட்டர் இறக்கி, மேலே இரும்புத் தட்டு அறைந்து, அதில் மூன்று திருகுக்கால் வைத்தால் அசையாது.

எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பது லென்ஸ் தரத்தைவிடப் பெரிது. சூடான தரைக்கு மேல், ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி என்று காற்றின் சூடு குறைந்தால், 200 மீட்டரில் கற்றை சுமார் 2 செ.மீ. மேல்நோக்கி வளையும். பூமியின் வளைவு அதே தூரத்துக்கு 3 மி.மீ.தான். பாத்தி மட்டம் பார்க்கிறவர்களுக்கு அந்த 2 செ.மீ. மிகப் பெரிய தப்பு. நேர்கோடு மட்டும் பார்ப்பவர்களுக்கு அவ்வளவு மோசமில்லை, பக்கவாட்டில் வளைவு குறைவு. புள்ளி துடிப்பதைத்தான் தாங்க வேண்டும். சூரியன் எழுந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தும், மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் தரையும் காற்றும் ஒத்த சூட்டில் இருக்கும். மட்ட வேலையை அந்த வேளைகளுக்கு ஒதுக்கவும். கற்றை தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. விரித்த கற்றை மென்மையானது என்று நினைக்கக் கூடாது. 2 மடங்கில் அது 6 மி.மீ., முழுதும் கண்ணின் பாவைக்குள் போய்விடும், அதுவும் வெகுதூரம் வரை விரியாமல். கற்றை வரும் திசையை யாரும் பைனாகுலரில் பார்க்கவே கூடாது. 5 மில்லிவாட்டுக்கு மேல் மாட்யூல் வாங்க வேண்டாம். கடல் பக்கம் திருப்பக் கூடாது, வடகடலானாலும் தென்கடலானாலும் கரையோரம் படகு இருக்கும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, வானத்தை நோக்கி ஒரு கணம்கூட எரியக் கூடாது. குறிப்பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். பலகையைவிட்டுக் கற்றை விலகினால் உடனே அணைக்க, சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

எங்களுக்கு ஆன செலவு: மூன்று லென்ஸ் 2,050 ரூபாய், மாட்யூல் 1,100, ராடு 400, அலுமினியம் 600, லேத் கூலி 1,800, ஃபில்டர் 350, ஸ்க்ரூ, ஸ்பிரிங், கிரீஸ் வகையறா 400. மொத்தம் 6,700. பிவிசி குழாயும் அதன் வளையங்களும் இதில் சேரவில்லை.

அடுத்த பிரதியில் தொடர்ச்சியாகச் சறுக்கும் அமைப்பை விட்டுவிடப் போகிறோம். களத்தில் உண்மையில் பயன்பட்டவை 2, 4, 5.6 மட்டும். இந்த மூன்று நிலைக்கும் ராடில் கூம்புக் குழி போட்டு, தட்டிலிருந்து ஸ்பிரிங் வைத்த எஃகுக் குண்டு அதில் விழும்படி செய்தால், ஒவ்வொரு முறையும் லென்ஸ் அதே இடத்தில் உட்காரும். குழி போடுவதற்கு முன் இப்போதைய கருவியின் கீறல்களை வெர்னியரில் எடுத்து வைத்தாயிற்று. 4 மடங்குக் கீறலும் 5.6 மடங்குக் கீறலும் குழிலென்ஸ் தட்டில் 3.6 மி.மீ. தள்ளி இருக்கின்றன. 3 மி.மீ. குண்டுக்கு அந்த இடைவெளி நெருக்கம், 2 மி.மீ. குண்டு போட வேண்டும்.